சூசை அண்ணை மூடிய கடைசிப் பீப்பாய்

செய்தி வந்தபோது நான் வேலையில் நின்றேன். அட்டை வெட்டும் இயந்திரத்தின் இரைச்சலில் யார் கூப்பிட்டாலும் கேட்காது. மேற்பார்வையாளர் வந்து தோளில் தட்டி, அலுவலகத்துக்கு வரும்படி கையால் காட்டினார். தொலைபேசியில் சூசை அண்ணையின் மனைவி ரீற்றா அக்கா. அழவில்லை. பாண் வாங்கப் போனவர் பேருந்துத் தரிப்பிடத்தில் விழுந்துவிட்டார் என்றும், அம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை என்றும், வாசித்துச் சொல்வது போலச் சொன்னார். "அண்ணை, லைனில நிக்கிறியளோ?" என்று கேட்டார். நிற்கிறேன் என்றேன். திரும்பிப் போய், அரைகுறையாகக் கிடந்த அட்டைகளை வெட்டி முடித்துவிட்டுத்தான் புறப்பட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஜெர்மனியின் ஆஹென் நகரில் சூசை அண்ணையைத் தெரியாத தமிழர் குறைவு. மன்னாரிலிருந்து வந்தவர். கோயிலில் பாடுவார். யாராவது வீடு மாறினால் தன் பழைய வான் வண்டியோடு வந்து நிற்பார். ஒரே தொழிற்சாலையில், அடுத்தடுத்த இயந்திரங்களில், பல வருடம் இருவரும் அட்டைப்பெட்டி செய்தோம். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுப் பார்த்ததில்லை. கேட்டிருந்தால் யாரோ ஒருவர் தம்பியாகியிருக்க வேண்டும், அதில் இருவருக்குமே விருப்பமில்லை.

அவர் பியர் காய்ச்சுவார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு அடக்கத்தன்று ஒரு மூலையில் நின்று "குடிதான் கொண்டு போனது" என்று கதைத்தவர்களையும் எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு கிளாஸை இரவுச் சாப்பாடு முடியும்வரை கையில் வைத்திருந்து, கடைசியில் பாதியைத் தொட்டியில் ஊற்றுகிற மனிதரைக் குடிகாரர் என்று சொல்ல வாய் கூசவேண்டும். அவருக்குக் குடிப்பதில் அவ்வளவு அக்கறை இல்லை. பழுதாகாமல் செய்வதில்தான் அக்கறை.

அந்த அக்கறை தொடங்கிய நாள் எனக்கு நல்ல ஞாபகம். கால்பந்து உலகக் கிண்ணம் இங்கே நடந்த கோடை அது. வேலைத்தள நண்பர் ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் எல்லோரும் சேர்ந்து ஆட்டம் பார்ப்பதாக ஏற்பாடு. நாங்கள் இருவரும் காய்ச்சிய பியரை ஒரு பெட்டி நிறையப் போத்தல்களில் கொண்டுபோனோம். ஜெர்மன்காரருக்கே பியர் கொடுக்கப் போகிறோம் என்ற பெருமை வேறு. அவர்கள் ஒரு வாய் குடித்தார்கள், "சுவாரசியமாக இருக்கிறது" என்றார்கள், பிறகு கடையில் வாங்கிய போத்தல்களின் பக்கம் மெல்லக் கை போனது. சூசை அண்ணை தன் கிளாஸை மோந்து பார்த்தார். என்னிடம் நீட்டினார். நனைந்த அட்டை. நாள் முழுக்க நாங்கள் மூச்சில் வாங்குகிற அதே மணம்.

"எட்டு மணித்தியாலம் இதை மணக்கிறது காணாதெண்டு வீட்டிலயும் காய்ச்சுறமோ அண்ணை?" என்றார். வானில் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தோம். ஆனால் அவர் அதை விடவில்லை. எங்கெங்கோ கேட்டு, மகளைக்கொண்டு இணையத்தில் தேடி, காரணத்தைப் பிடித்துவிட்டார். நொதித்து முடிந்த பியரில் காற்றுப் பட்டால் அதிலுள்ள ஒட்சிசன் மெல்ல மெல்ல அதைக் கெடுக்கும். கெட்டதன் அடையாளம்தான் அந்த அட்டை மணம். நாங்களோ பியர் நொதித்த வாளியின் மூடியைக் கழற்றி, குழாயை மேலே பிடித்து, சளசளவென்று போத்தலில் விழ விட்டிருந்தோம். இளநீர் வெட்டி ஊற்றுகிறவன் கூட அதைவிடப் பக்குவமாக ஊற்றுவான்.

அதற்குப் பிறகு அவருடைய கெல்லர், அதுதான் வீட்டின் கீழே உள்ள நிலவறை, ஒரு சத்திரசிகிச்சைக் கூடம் போல ஆகிவிட்டது. சோடா விற்கும் நிறுவனங்கள் கழித்துவிட்ட உருக்குப் பீப்பாய் ஒன்று வாங்கினார். சோடாவில் நுரைக்கிற காபனீரொட்சைட்டு வாயு அடைத்த உருளை ஒன்றும் வந்தது. பியரை மாற்றும் நாளில் முதலில் பீப்பாயைச் சுத்தமான தண்ணீரால் விளிம்புவரை நிரப்புவார். பிறகு அந்தத் தண்ணீர் முழுவதையும் வாயுவைக் கொண்டே வெளியே தள்ளுவார். அப்போது உள்ளே வாயு மட்டும்தான் இருக்கும், காற்றுக்கு இடமில்லை. அதன் பின் இரண்டு குழாய்கள். நீளமானது, நொதித்த வாளியின் அடியிலிருந்து பியரைப் பீப்பாயின் அடிக்குக் கொண்டுபோகும். கட்டையானது, பீப்பாயின் மேலிருந்து வாளியின் மூடிக்குப் போகும். பியர் உள்ளே வர வர, பீப்பாயிலிருந்த வாயு அந்தக் கட்டைக் குழாய் வழியாக வாளிக்குத் திரும்பி, பியர் விட்டுப்போன இடத்தை நிரப்பும்.

"போற இடத்தில வெறுமையை விடக்கூடாது அண்ணை. விட்டால் காத்து வந்து குந்தியிரும்" என்பார்.

எனக்குப் பொறுமை இல்லை. எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மூடியில் கை வைப்பேன். உடனே என் கையில் ஒரு தட்டு விழும். சோறு வெந்ததா என்று நிமிசத்துக்கு ஒருதரம் மூடி திறந்து பார்க்கிற ஆள் என்று என்னை ரீற்றா அக்காவிடம் கோள் சொல்லுவார். நானும் சும்மா இருப்பதில்லை. ஒரு கிளாஸ் பியருக்கு இவ்வளவு காவல் போடுகிறவரை நான் கண்டதில்லை என்பேன். இப்படியே நாலு மாரி போனது. அட்டை மணம் திரும்பி வரவேயில்லை.

போன கோடையில் ஊன்ட்றொப் அம்பாள் கோயில் தேருக்கு எங்கள் குடும்பத்தை வழக்கம்போலத் தன் வானில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் கத்தோலிக்கர், ஆனாலும் ஒரு தேரும் தவறவிட்டதில்லை. நான் விரதம் இருக்கிற நாட்களில் பீப்பாயைத் திறக்கவும் மாட்டார். நான் வற்புறுத்தினாலும், "நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க நான் குடிக்கிறதோ?" என்று முடித்துவிடுவார். அந்த முறை கால்வாய்க் கரையோரம் நடந்து வரும்போது திடீரென்று நின்று இடது கையைப் பிடித்துக்கொண்டார். முகம் வியர்த்திருந்தது. என்ன என்று கேட்டதற்கு, வாய்வு என்றார். ரீற்றா அக்கா அந்தப் பேச்சை எடுபடவிடவில்லை. அடுத்த கிழமையே குடும்ப வைத்தியரிடம் கூட்டிப்போனார். அவர் கொலோனில் உள்ள இதய வைத்தியர் ஒருவரிடம் அனுப்ப எழுதிக் கொடுத்தார். அங்கே டெர்மின், அதாவது வைத்தியரைப் பார்க்க ஒரு நேரம், கிடைக்க எவ்வளவு காலம் எடுக்கும் என்று இந்த நாட்டில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒருவழியாக ஐப்பசியில் ஒரு நாள் கிடைத்தது.

அந்த ஐப்பசியில் அவர் ஒரு பியர் போட்டிருந்தார். இங்கே பழைய ஆட்கள் செய்கிற ஒரு முறை உண்டு. நொதித்தல் முழுதாக முடியமுன்னரே, கொஞ்சம் இனிப்பு மிச்சமிருக்கும்போதே பீப்பாய்க்கு மாற்றிவிடுவது. மிச்ச இனிப்பை ஈஸ்ட் பீப்பாய்க்குள் போய்த் தின்னும், தின்கிறபோது தப்பித் தவறி நுழைந்த ஒட்சிசனையும் சேர்த்துத் தின்றுவிடும். காற்றை வெல்ல இதைவிட நல்ல வழி இல்லை என்று அவர் நம்பினார். ஆனால் நேரம் தவறக்கூடாது. அந்தக் கிழமை எதிர்பாராத வெக்கை. நொதித்தல் நினைத்ததைவிட வேகமாக ஓடியது. ஒரு வியாழக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார். "இண்டைக்கு விட்டால் இனிப்பு முடிஞ்சிடும், வாங்கோ அண்ணை."

போனேன். வாளியைத் தூக்கி மேசையில் வைத்தது நான். அவர் குழாய்களைப் பூட்டினார். வழக்கத்தைவிட அதிகமாகப் பகிடி விட்டார், மன்னாரில் தான் பந்தடித்த கதை சொன்னார். பீப்பாய் நிரம்பியதும் குழாய்களைக் கழுவி, உடுப்புக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். அந்த இரண்டு மணித்தியாலத்தையும் நான் எத்தனையோ தரம் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஒரு இடத்திலாவது நின்று மூச்சு வாங்கினாரா, நெஞ்சில் கை வைத்தாரா? ஒன்றும் அகப்படவில்லை. கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த கிழமை ரீற்றா அக்கா என்னை வரச்சொன்னார். குசினி மேசையில் எனக்கு முன்னால் தேத்தண்ணி வைத்தார், தனக்கு வைக்கவில்லை. கொலோன் வைத்தியரிடம் மார்கழியில் ஒரு டெர்மின் இருந்தது, அதை நிற்பாட்டத் தொலைபேசி எடுத்தேன் என்றார். ஐப்பசி டெர்மினை வைத்தியர்தான் தள்ளிப்போட்டார் என்று சூசை அண்ணை வீட்டில் சொல்லியிருந்தார். தொலைபேசியில் பேசிய பெண், இல்லை, அவர்தான் எடுத்து மாற்றச் சொன்னார் என்றிருக்கிறாள். அந்த ஐப்பசி டெர்மின் எந்த நாள் என்று கேட்டேன். நாங்கள் பீப்பாய் நிரப்பிய அந்த வியாழக்கிழமை.

ரீற்றா அக்கா கதிரையை இழுத்து எனக்கு எதிரே இருந்தார்.

"ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. அண்டைக்கு மாத்தாமல் விட்டிருந்தால் அந்தப் பியர் பழுதாப் போயிருக்குமோ?"

என்ன சொல்வது? பழுதாகியிருக்கும் என்று சொன்னால் தன் புருசனை ஒரு வாளி பியரோடு நிறுத்துப் பார்த்துக்கொண்டு காலம் முழுக்க இருப்பார். ஆகியிருக்காது என்று சொன்னால் அவர் செத்ததற்கு ஒரு காரணம்கூட இல்லாமல் போய்விடும். இரண்டில் எது அவருக்கு லேசு என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரம் சூசை அண்ணை மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இது அஞ்சலியாக இருக்காது. உண்மையையே சொன்னேன்.

"பழுதாகாது அக்கா. முழுக்க நொதிக்க விட்டு, பிறகு கொஞ்சம் சீனி சேர்த்து மாத்தலாம். மூடி திறக்காட்டில் இன்னும் ரெண்டு கிழமையும் கிடக்கும். அண்ணைக்கு அது என்னை விட நல்லாத் தெரியும்."

அவர் எழும்பி என் கோப்பையை எடுத்தார்.

"அப்ப பியரில்லை" என்றார். "பயம். அந்தாளுக்குப் பயம் வந்திட்டுது. சொல்ல ஏலாமல் பியரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறார்."

எனக்கு அது தோன்றவேயில்லை. அவருக்குப் பயம் என்ற ஒன்று இருக்கும் என்றே நான் நினைத்ததில்லை.

முப்பத்தோராம் நாள் திருப்பலி முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, ரீற்றா அக்கா பீப்பாயை மேலே கொண்டுவரச் சொன்னார். இதை யாரும் குடிக்க வேண்டாம், கீழேயே ஊற்றிவிடுங்கோ என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் ஒரு கிளாஸ் எடுத்து வந்தார். வாழ்நாளில் பியரை வாயில் வைத்திராதவர். நான் ஊற்றிக் கொடுத்தேன். நிறம் தெளிவாக இருந்தது, நுரை நின்றது. மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னொரு வாய் குடித்தார். அவர் எதையோ தேடுகிறார் என்று எனக்கு விளங்கியது.

"அட்டை மணம் எண்டு சொல்லுவாரே, அது இதில இருக்கோ?" என்று என்னிடம் நீட்டினார்.

நான் குடித்துப் பார்த்தேன். அவருடைய பயத்தின் தடயமாக அதாவது இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அவர் செய்தவற்றில் இதுதான் திறம். இல்லை என்று தலையாட்டினேன்.

"ஒரு பிழையும் இல்லையோ?"

"ஒரு பிழையும் இல்லை அக்கா."

கிளாஸை மேசையில் வைத்துவிட்டு, அவர் இறந்த நாளிலிருந்து அழாத அந்த மனுசி அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன். மகள் ஓடி வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

சாமான்களையெல்லாம் கொண்டுபோகச் சொன்னார். பீப்பாயையும் வாயு உருளையையும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. கொடியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த கட்டைக் குழாயை மட்டும் கேட்டு வாங்கினேன். அது இப்போது என் கெல்லரில் ஓர் ஆணியில் இருக்கிறது. நான் அதற்குப் பிறகு பியர் காய்ச்சவில்லை, காய்ச்சுவேனா என்றும் தெரியாது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் குழாய் மட்டும் என்று நினைத்திருந்தேன். மாசியில் எனக்கும் இதயத்தைப் பரிசோதிக்க ஒரு டெர்மின் கிடைத்தது. என் மனைவி விடாமல் நின்று எடுத்தது. அதற்கு முதல் நாள் பின்னேரம் தொலைபேசிக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றேன். வேலையிடத்தில் ஆள் பற்றாக்குறை, கார் திருத்தவேண்டும், எத்தனையோ நல்ல காரணங்கள் வரிசையாக வந்தன. சூசை அண்ணை எப்படி நின்றிருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குசினிக்குப் போய், எனக்குப் பயமாக இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள். காலையில் இருவருமாகப் போனோம்.