வெல்டிங்கக்காவின் நாலாவது சைக்கிள்

வெல்டிங்கக்கா என்றால் அந்த வட்டாரத்து இரும்புக் கதவுகளுக்குக்கூடத் தெரியும். பாதிக் கதவுகள் அவள் கை பட்டவை. அதே பட்டறையில், அவள் வெல்டிங் வைத்த இடத்தைத் தேய்த்து மழமழவென்று ஆக்குவது அவள் புருஷன் வேலை. பதினெட்டு வருஷமாக அவள் ஒட்டினாள், அவன் தேய்த்தான். வீட்டிலும் அவளைத் தேய்த்துத்தான் வைத்திருந்தான். அவன் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகளோடு போனில் பேசியதற்கு இரண்டு பற்கள் போயின. அழுததற்கு இன்னொன்று.

மகளிடம் போய்விட இரண்டு முறை கிளம்பினாள். பேருந்து நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் அவன் கூட்டாளிகள். இரண்டு முறையும் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். ஊருக்குக் கண் இருந்தது, வாய்தான் இல்லை. அதனால்தான் சைக்கிளை நினைத்தாள். மகள் ஊருக்கு அறுநூறு கிலோமீட்டர், நடுவில் மலை. வேலைக்குப் போக என்று சொல்லி வாங்கிய மூன்று சைக்கிள்களையும் கடப்பாரையால் நொறுக்கிப் போட்டான்.

நாலாவதை வீட்டுப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கண்ணாடிக் கதவு போட்ட பெரிய சைக்கிள் கடைக்காரன் ஒரு அலுமினிய வண்டியைச் சுண்டுவிரலால் தூக்கிக் காட்டினான்.

“வழியில விரிசல் விட்டா எவன் பத்தவைப்பான்?” என்று கேட்டாள்.

“நீங்க மார்க்கெட்டுக்குத்தானேக்கா போகப்போறீங்க?” என்று சிரித்தான். விடுவிடென்று வெளியே வந்துவிட்டாள்.

சந்துக்குள் இருந்த சின்னக் கடைக்காரர் வண்டியைக் காட்டுவதற்கு முன்னால், “எவ்வளவு சுமை? மேடு உண்டா? எங்க போறீங்க?” என்று கேட்டார். முதல் இரண்டுக்குத்தான் பதில் வந்தது. அவள் உதட்டுத் தையலைப் பார்த்தார்.

“சரி, சொல்ல வேணாம். இரும்பு ஃபிரேமா எடுங்க. எந்தப் பட்டறையிலயும் ஒட்டிக்கலாம்.”

அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆனாலும் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொரு இணைப்பையும் நகத்தால் கீறிப் பார்த்தாள். “கல்யாணத்துக்கு முன்னாடி ஆளை இப்படிக் கவுத்துப் போட்டுப் பாக்க விடல, அண்ணே” என்றாள்.

வண்டி கடையிலேயே நின்றது. சுமை வைக்கும் கேரியரை அவளே கடையின் பின்கட்டில் பற்றவைத்தாள். கிளம்பும் நாள் காலையில் பெயிண்ட் காயட்டும் என்று கேரியரை மட்டும் கடை வாசலில் சாய்த்து வைத்தாள். வெல்டிங் தடத்தைத் தேய்க்கவில்லை. தேய்ப்பது எப்போதும் அவன் வேலை, அவள் கைக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

அன்று பட்டறைக்கு வராதவளைத் தேடி வந்தவன் அதைக் கண்டான். மீன் செதில் மாதிரி வரிவரியாக ஓடும் அந்தத் தடத்தைப் பதினெட்டு வருஷம் தேய்த்தவனுக்குத் தெரியாதா?

“எங்கடா அவ?”

“யாரைக் கேக்குறீங்க?”

பின்கட்டில் உயரத்தைச் சரிசெய்யச் சீட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவளுக்கு அறை விழுந்த சத்தம் கேட்டது. கடைக்காரரின் வலது கையை மேஜையோடு பொருத்திய, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் இடுக்கில் திணித்து, பிடியைத் திருகினான்.

“சொல்றியா?”

“தெரியாது.”

இன்னொரு திருகு. எலும்பு முறிந்தது. பின்கதவு திறந்துதான் இருந்தது. சீட் இல்லாவிட்டால் என்ன, நின்றுகொண்டே மிதித்துப் போய்விடலாம். பெடலில் கால் வைத்தும் விட்டாள். மூன்றாவது திருகலில் கடைக்காரர் அலறினார். அந்த அலறலிலும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சீட்டோடு கழன்ற இரும்புத் தண்டு அவள் கையில் இருந்தது. முன்னால் வந்தாள். முதல் அடி முட்டியில். அவன் விழுந்தான். எழப் பார்த்தான், தாடையில் ஒன்று. மறுபடி முட்டியில். தரையெல்லாம் ரத்தம். அவளுக்குப் பாவமாக இல்லை. சொல்கிற எனக்கும் இல்லை.

வைஸைத் தளர்த்திக் கடைக்காரரின் கையை வெளியே எடுத்தாள். “என்னாலதானே அண்ணே...”

“பக்கத்துக் கடைக்காரங்க என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க. சீட்டை மாட்டுங்க.” நொறுங்கிய கையைத் துணியில் சுற்றிக்கொண்டு அவள் காலைக் கவனித்தார். “ரெண்டு விரல் ஏத்துங்க. தாழ்ந்திருந்தா மலை ஏறுறப்ப முட்டி போயிடும்.”

அவள் தண்டைத் துடைத்துச் சொருகி, திருகாணியை முறுக்கினாள்.

“மகள் வீடு எங்கன்னா...” என்று ஆரம்பித்தாள்.

“சொல்லாதீங்க!” என்று கத்தினார் கடைக்காரர். அவர் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. “இன்னும் ஒரு திருகு திருகியிருந்தா, நீங்க உள்ளதான் இருக்கீங்கன்னு சொல்லியிருப்பேன்மா.”