சட்டைப்பையில் கோரைக்கிழங்கு

அட்டைப்பெட்டியைப் பிரித்து, ஒட்டியிருக்கும் டேப்பை நகத்தால் உரித்துக்கொண்டிருக்கிறார் என் மருமகன். தையல்காரர். துணி வெட்டும் கத்தரியால் அட்டையைத் தொடமாட்டார். அதற்கென்று ஒரு பழைய கத்தரி உண்டு. களை முளைக்காமலிருக்கப் புதுப் பாத்தியில் அட்டை விரித்தால் ஒன்றின் ஓரம் இன்னொன்றின்மேல் ஒரு சாண் ஏறியிருக்க வேண்டும். "தையலுக்கு விடாம வெட்டுனா சட்டை நிக்குமா, அத்தை? இடுக்கு கெடச்சா களை தலைய நீட்டிடும்." அதன்மேல் எரு, எருவின்மேல் வைக்கோல்.

அட்டைக்கு முன்னால் கிழங்கு பொறுக்குகிற வேலை. கோரைக்கிழங்கை மண்ணில் விட்டுவிட்டால் அட்டையையும் குத்திக்கொண்டு வருமாம். தொலைந்த ஊசியைத் தேடுகிறவர் மாதிரி குனிந்தே கிடப்பார். கிடைத்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பிறகு வெயிலில் சுருங்கக் காயவைத்துத்தான் வெளியே எறிவார். சட்டை துவைப்பவள் என் மகள். அவர் அவள் வாயில் விழுவது தனிக் கதை.

இந்தப் பயம் போன வருடம் வந்தது. பாத்தி போடும் அவசரத்தில் கோரையோடு சேர்த்து மண்ணைக் கொத்திப் புரட்டினார். கோர்த்துக் கிடந்த கிழங்கெல்லாம் அறுந்து, தனித்தனியாக முளைத்தன. அது தெரிவதற்குள், அதே மண்ணில் கத்தரிக்காய் நாற்று வளர்த்து, வேர்மண்ணோடு பக்கத்து வீட்டு நர்ஸம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். இப்போது அந்த அம்மா தோட்டம் முழுக்கக் கோரை.

நர்ஸம்மா, வண்டியில் எரு விற்க வருகிறவரைத் தெருவில் நிறுத்திக் கேட்டார்: "எருன்னு சொல்லிக் களையவா விக்கிற?" அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். வாசலில் நின்ற என் மருமகன் கழுத்தில் கிடந்த அளவு டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார். உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து நர்ஸம்மா தைக்கக் கொடுக்க வந்தால் இவர் துணியைப் பார்த்தே பேசுகிறார்.

இதையெல்லாம் வெளியில் சொல்லாதே என்கிறாள் மகள். நான் சொல்வேன். அவரிடமே கேட்டேன்.

"மாப்ள, உங்க பாத்திய மட்டும் மூடுனா போதுமா?"

"வெக்கமா இருக்கு அத்தை."

"இருக்கட்டும். அதையும் கூட்டிக்கிட்டு நர்ஸம்மாகிட்ட போங்க."

இன்று காலை எரு வண்டி நர்ஸம்மா வாசலில் நிற்காமல் கடந்தது. மருமகன் செருப்பில்லாமல் ஓடினார். "அண்ணே, ஒரு நிமிஷம் எங்கூட வாங்க."

கதவைத் திறந்த நர்ஸம்மா முகத்தைச் சுளித்தார். "இந்த ஆள எதுக்கு டெய்லரே கூட்டிட்டு வர்றீங்க?"

"கோரை அவர் எருவுல வரலக்கா. நான் குடுத்த நாத்தோட வந்தது."

சட்டைப்பையை வெளிப்பக்கம் திருப்பி, கிழங்கையெல்லாம் உள்ளங்கையில் கொட்டி நீட்டினார். தலை நிமிரவில்லை. நீட்டிய கையையும் மடக்கவில்லை.