பூட்டிக் கிடந்த பேனல்

சேத்தூர் யோகேஸ்வரி முதலில் பார்த்தது நூல் மில்லில் வருகைப் பதிவு டைப் அடிக்கும் வேலை. ஒருநாள் மில் சர்வர் படுத்துவிட்டது. மதுரையிலிருந்து வந்த ஆள் கறுப்புத் திரையில் சில வரிகளைத் தட்டி அதை எழுப்பியதைப் பின்னால் நின்று பார்த்தாள். அந்த மாதமே, அந்த சர்வரில் ஓடிய லினக்ஸ் இயங்குதளத்தைத் தன் பழைய லேப்டாப்பிலும் போட்டுக்கொண்டாள். விடுமுறை நாளெல்லாம் அதோடுதான். பிறகு மில்லை விட்டுவிட்டு, ராஜபாளையத்தில் ராக்கப்பன் நடத்தும் வெப்சைட் நிறுவனத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தாள்.

பேண்டேஜ் கம்பெனிகள், பள்ளிக்கூடங்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் தனுஷ்கோடியின் பால்கோவா கடை என்று பலருடைய வெப்சைட்டும் மெயிலும் அந்த ஒரே சர்வரில்தான் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்க ஒரு கண்ட்ரோல் பேனல். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் திருவிழா நெருங்கும்போது, அந்தப் பேனலில் பெரிய ஓட்டை இருக்கிறது, உடனே அப்டேட் செய்யுங்கள் என்று அதைத் தயாரித்தவர்கள் அறிவித்தார்கள்.

யோகேஸ்வரி அப்டேட் கட்டளையைக் கொடுத்தாள். மற்ற மென்பொருள்கள் புதுசாகின. பேனல் மட்டும் அசையவில்லை. தேடிப் பார்த்தால், அப்டேட் ஆகாதபடி யாரோ அதைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

“நான்தாம்மா பூட்டுனேன்,” என்றார் ராக்கப்பன். “முந்தி ஒரு தடவ அப்டேட் போட்டு அம்புட்டு சைட்டும் விழுந்துருச்சு. எம்புட்டு ஏச்சு வாங்குனேன் தெரியுமா? திருவிழா முடியட்டும், பொறவு பாப்போம்.”

“திருவிழாவுக்குத்தான அண்ணாச்சி ஆர்டர் குமியும்? அந்த நேரம் எவனாவது உள்ள புகுந்துட்டா? முதல்ல ஒரு நகல்ல செஞ்சு காட்டுறேன். அது ஓடுனா சம்மதிப்பீகளா?”

அவர் அரைமனதாகத் தலையாட்டினார்.

சர்வரை அப்படியே நகலெடுத்து, நகலில் பூட்டை எடுத்து அப்டேட்டை ஓட்டினாள். பாதியில் திரை ஒரு கேள்வி கேட்டு நின்றது: நீங்கள் மாற்றி வைத்த அமைப்புக் கோப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போடவா?

“போன தடவ இதுக்கு என்ன குடுத்தீக?” என்று ராக்கப்பனிடம் கேட்டாள்.

“Y-யா, N-ஆன்னு கேட்டுச்சு. ஆமான்னு Y குடுத்தேன்.”

யோகேஸ்வரி சிரித்துவிட்டாள். “அதான் சைட்டு பூரா விழுந்துருக்கு! நாம எழுதி வச்சது பூராவும் அழிஞ்சுருக்கும்.”

பழைய கோப்பையே வைத்துக்கொள் என்று பதில் கொடுத்தாள். புதியதில் தேவையான வரிகளை மட்டும் பார்த்துப் பார்த்துச் சேர்த்தாள். நகலில் எல்லா சைட்டும் திறந்தன.

மறுநாள் காலை நிஜ சர்வரில் கை வைத்தாள். ராக்கப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. டீக்கடைக்குப் போனார், டீ குடிக்காமலே திரும்பி வந்தார். கடைசி வரி ஓடி முடிந்ததும் பேனல் புதிய பதிப்பு எண்ணோடு எழுந்தது. ஒவ்வொரு சைட்டாகத் திறந்து பார்த்தாள், ஒன்றும் விழவில்லை.

அப்போது தனுஷ்கோடியின் போன். ராக்கப்பன் முகம் வெளிறியது.

“என்னப்பா, மெயில்ல ஆர்டரு இப்பவே வரிசையா வருதே! அடுப்ப கூட்டணும் போலயே!”

தேரோட்டத்தன்று அதே பேனல் வைத்திருந்த வெளியூர்க்காரர்கள் சிலரின் சைட்டுகள் பறிபோன செய்தி வந்தது. சர்வருக்குள் யார் யார் வர முயன்றார்கள் என்ற பதிவுகளை யோகேஸ்வரி பார்த்தாள். இவர்கள் சர்வரையும் திரும்பத் திரும்ப யாரோ தட்டியிருந்தார்கள். ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை.

பயந்துபோய்க் கூப்பிட்ட ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் ராக்கப்பன் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: “நமக்கு ஒண்ணும் இல்ல. எங்க யோகேஸ்வரி போன வாரமே அதச் சரி பண்ணிட்டாக!”