ட்ரையல் ரோடு

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடியில் பாதிப் பேர் தூங்குவார்கள். நாங்கள் நான்கு பேர் மட்டும் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் அரக்கர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருப்போம். கடை என் நண்பனுடையது. அவனும், தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டும் இன்னொரு நண்பனும், பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கும் என் அக்காவும்தான் ஆடுகிறவர்கள். நான் கதையை நடத்துகிறவன். 'ஒரு கணவாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள், எதிரே கொள்ளையர்கள் நிற்கிறார்கள்' என்று நான் சொல்வேன். தங்கள் வீரர்கள் என்ன செய்வார்கள் என்று அவர்கள் சொல்வார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதை ஒரு பகடை முடிவு செய்யும். விளையாட்டு அவ்வளவுதான். இதற்காக அக்கா கல்யாண வீடுகளுக்குப் போகாமல் இருந்திருக்கிறாள்.

இந்த விளையாட்டுக்கு வரைபடம் வேண்டும். சட்டைகளுக்குள் மடித்து வைக்கும் அட்டைகளின் பின்புறத்தில் ஸ்கெட்ச் பேனாவால் நானே வரைந்துகொண்டிருந்தேன். என் கைக்கு மலை வராது, இட்லி வரும். ஆறும் பாதையும் ஒரே மாதிரி வளையும். ஒரு ஞாயிறு, ஜீப்புக்காரனின் வீரன் முழுக் கவசத்தோடு பாதை என்று நினைத்து ஆற்றுக்குள் நடந்துபோய் மூழ்கிவிட்டான். மாதக்கணக்கில் அவன் பார்த்துப் பார்த்து வளர்த்த வீரன். ஜீப்புக்காரன் கீழே இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்தான்.

"மாப்ளே, இனிமே நீ கையால வரைஞ்சா நான் வரமாட்டேன். கம்ப்யூட்டர்ல வரையுறதுக்கு ஏதாச்சும் இருக்கும்ல, அதப் பாரு" என்றான்.

இருந்தது. ஏகப்பட்டது இருந்தது. அதுதான் தொல்லை.

முதலில் பார்த்த மென்பொருள் இணையத்திலேயே ஓடும், காசு கேட்காது. மரம் என்றால் ஊசியிலை மரம்தான், மலை என்றால் தலையில் பனிதான். பறக்கும் நாகங்களில் ஒரு கூட்டமே இருந்தது, யானை ஒன்றுகூட இல்லை. உடம்பெல்லாம் ரோமம் தொங்கும் ஆதிகாலத்து யானை மாதிரி மிருகம் ஒன்று கிடைத்தது, அதைப் பக்கத்து ஊரான தேவாரத்தின் தோப்புக்குள் நிறுத்தினேன். பார்த்தால் பாவமாக இருந்தது, அந்த வெயிலில். தமிழில் பெயர் எழுதினால் இன்னும் மோசம். 'பேய்மேடு' என்று தட்டினால் கொம்புகள் எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டன, புள்ளி கழன்று பக்கத்தில் விழுந்துகிடந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, எட்டாம் வகுப்பு விடைத்தாள் ஞாபகம் வருகிறது, மூடு என்றாள்.

இரண்டாவது, விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் புகழ்ந்த மென்பொருள். வெயில் எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும், நிழல் எவ்வளவு நீள வேண்டும் என்பதையெல்லாம் அதில் வைக்கலாம். என் மடிக்கணினி அதைத் திறந்த உடனே, முதல் கியரில் மேடு ஏறும் ஜீப்பு மாதிரி சத்தம் போடத் தொடங்கியது. மனைவி சமையலறையிலிருந்து வந்து, மிக்சியை யார் ஓடவிட்டது என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒரு மரம் நட்டுவிட்டு, அது திரையில் முளைக்கும்வரை நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது கொஞ்சம் மனிதத்தன்மை உள்ளதாக இருந்தது. தமிழ் எழுத்து முழுசாக வந்தது. வேண்டிய படத்தை நாமே உள்ளே போடலாம், யானையைக்கூட. ஆனால் நண்பர்களிடம் காட்டியபோதுதான் உண்மையான சோதனை ஆரம்பித்தது. அக்காவுக்குக் கட்டங்கள் சதுரமாக இருக்கக் கூடாது, அறுகோணமாகத்தான் வேண்டும். அது ஏன் என்பதைச் சட்டை அட்டையில் வரைந்து நிரூபித்தாள். ஜவுளிக்கடைக்காரனோ, கடைக்கு வந்து எல்லாச் சேலையையும் உதறச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு போகிறவர்களைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் புலம்பியவன். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இதுலயே பச்சை கொஞ்சம் டார்க்கா இருக்கா? பார்டர் வேற மாதிரி வருமா? சரி, அந்த மொதல்ல பாத்தத இன்னொருக்கா காட்டு" என்று சாயங்காலம்வரை என்னை உயிரோடு உரித்தான்.

பணம் கட்டும் முன்னால் பெரிசாக அச்சடித்து மேசையில் விரித்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். புதிய ஊர்ப்பெயர்கள் யோசிக்கச் சோம்பல்பட்டு, கீழே போடி, ஓரத்தில் தேவாரம், மேலே போடிமெட்டு என்று இருப்பதையே போட்டிருந்தேன். தேவாரத்திலிருந்து நேராக மலைக்கு ஏறும் ஒரு பாதை மட்டும் என் கற்பனை. மேலே, கொள்ளையர் குகைக்கு அடையாளமாக ஒரு மண்டையோடு. இலவசமாகப் பார்க்கிற காலம் என்பதால் மென்பொருள் தன் பங்குக்குப் படத்தின் குறுக்கே 'ட்ரையல்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது.

பிளெக்ஸ் கடைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் போட்டோவும் இல்லையே, ஓரத்தில் யாரையாவது கும்பிடுகிற மாதிரி வைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அச்சடித்தவர், நன்றாக வந்திருக்கிறது என்ற பெருமையில் அதைக் கடை வாசலில் தொங்கவிட்டுவிட்டார். நான் போய் வாங்குவதற்குள் அதைப் பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்து, படிக்க வேண்டியதைப் படித்துவிட்டார்கள். தேவாரத்திலிருந்து மலைக்கு ட்ரையல் ரோடு போடப் போகிறார்களாம் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

அந்த ஞாயிறு நாங்கள் படத்தை மேசையில் விரித்துக்கொண்டிருந்தபோது, வெள்ளை வேட்டியும் குடையுமாக ஒரு பெரியவர் மாடிப்படி ஏறி வந்தார். ஜவுளிக்கடைக்காரன் துண்டு வாங்க வந்தவர் என்று நினைத்து எழுந்தான். அவர் நேராக மேசைக்கு வந்து குனிந்து பார்த்தார்.

"இந்த ரோட்டுப் படம் போட்டது நீங்கதானா தம்பி?"

ஆமாம் என்றேன். தடுக்கத்தான் வந்திருக்கிறார், ரோட்டுக்குத் தன் தோட்டம் போகப்போகிறது என்று சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் போட்டிருக்கீங்க. ஆனா என் தோட்டத்துக்கு ரெண்டு வளைவு கீழயே நிப்பாட்டிட்டீங்களே."

அவருக்குத் தேவாரத்துக்கு நேர் மேலே ஏலத்தோட்டம். வீட்டு வாசலில் நின்றால் தெரிகிற மலை. ஆனால் அங்கே போக, போடிக்கு வந்து ஜீப்பு ஏறி, போடிமெட்டு சுற்றித்தான் போக வேண்டும். ரோடு வருகிறது என்று கேள்விப்பட்டதும் மதியச் சாப்பாடுகூடச் சாப்பிடாமல் பஸ்சு ஏறி, பிளெக்ஸ் கடையில் எங்களை விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் அவரை உட்காரவைத்து, இது விளையாட்டு, நாங்களே கட்டிய கதை என்று சொன்னேன். அவர் மண்டையோட்டின் மேல் விரலை வைத்தார்.

"அப்ப இது?"

"கொள்ளக்காரங்க குகைங்கய்யா. அதுவும் சும்மா கற்பனைதான்."

"அது என் பங்காளி தோட்டம்" என்றார். கொஞ்சம் யோசித்தார். "அது சரியாத்தான் இருக்கு, அப்பிடியே இருக்கட்டும்."

பிறகு தேவாரத்திலிருந்து பாதை முடியும் இடம்வரை விரலால் ஏறிப் பார்த்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது. டீ வந்தது. குடித்து முடித்துவிட்டு, "வெளையாட்டுதானே தம்பி? அப்ப இன்னும் ரெண்டு வளைவு இழுத்துவிடுறதுக்கு யாரு தடுக்கப்போறா?" என்றார்.

மடிக்கணினியைத் திறந்தேன். பாதையின் நுனியைப் பிடித்து இழுத்தால் நீண்டுகொண்டே வந்தது. அவர் பக்கத்தில் நின்று வழி சொன்னார். இடது கைப் பக்கம், இன்னும் கொஞ்சம், அங்கே பாறை, சுற்றிப் போ. ஓர் இடத்தில் என் கையைப் பிடித்து நிறுத்தி, அங்கே அவர் வைத்த பலா மரம் நிற்கிறது, அதைச் சாய்த்துவிடாதே என்றார். மரத்தை விட்டு வளைத்தேன். பாதை தோட்டத்து வாசலைத் தொட்டதும் அக்கா கைதட்டினாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது. பெரியவர் சிரித்துவிட்டார்.

மென்பொருளைத் தேர்ந்தெடுத்தது இப்படித்தான். அந்த ரோட்டை இன்னொன்றில் முதலிலிருந்து போட எங்களில் யாருக்கும் மனசு இல்லை. அறுகோணம், பார்டர் என்ற பேச்சே அதற்குப் பிறகு எழவில்லை. அன்று சாயங்காலமே பணம் கட்டினோம், குறுக்கே கிடந்த 'ட்ரையல்' மறைந்தது. புதுப் படம் இரண்டு அச்சடித்து, அடுத்த வாரம் வந்த பெரியவருக்கு ஒன்றைச் சுருட்டிக் கொடுத்தோம். அவர் அதைக் குடையோடு சேர்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ்சுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஜீப்புக்காரன் மேசையில் கிடந்த எங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே, "இந்த ரோடு நெசமாவே வந்துச்சுன்னா என் சோலி முடிஞ்சிரும் மாப்ளே" என்றான்.

அக்கா படத்தின் சுருண்ட ஓரத்தை நீவிவிட்டாள். அவனே முதலில் சிரித்தான். பகடையைக் கையில் எடுத்துக் குலுக்கிக்கொண்டு, வெரசா ஆரம்பி, நாலு மணிக்கு எனக்கு ஒரு லோடு இருக்கிறது என்றான்.