ரிம்மில் ஓட்டை இல்லை

வீல் நெளிந்திருந்தால் எங்கள் தொழிலில் ‘அவுட்’ என்போம். ஸ்போக்ஸ் கம்பியை முறுக்கி அந்த அவுட்டை எடுப்பதுதான் வேலை. மும்பை தாராவியில் அத்தானுடைய பைக் மெக்கானிக் கடை. பத்தாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தேன். யாரும் துரத்தவில்லை, எனக்குத்தான் படிப்பு பிடிக்கவில்லை. கஸ்டமரோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிற எல்லாருக்கும் இனி நான் சொல்லப்போவது புரியும்.

சீட் எங்கே?

மாட்டுங்கா சங்கர் சார் பேங்கில் வேலை பார்க்கிறவர். ஒருநாள் டெம்போவிலிருந்து பைக் ஒன்றை இறக்கினார். ட்ரயல்ஸ் பைக். நின்றுகொண்டே பாறை மேல் ஏற்ற வேண்டும். வேகம் கணக்கில்லை, கால் தரையில் பட்டால் பாயின்ட் போச்சு. பின் வீலுக்குப் புது ரிம் கொண்டுவந்திருந்தார், ஞாயிற்றுக்கிழமை போட்டியாம். அத்தான் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து கேட்டார்: “சீட்ட எவனும் களவாண்டுட்டானா சார்?”

அக்காவின் கண்டிஷன்

அத்தானுக்கு மணிக்கட்டில் சுளுக்கு, துணி சுற்றியிருந்தார். வீலை நான் கட்டுகிறேன் என்றேன். சாருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. “இந்த ரிம் இங்கே கிடைக்காதும்மா” என்றார். மாடி வீட்டிலிருந்து ஏணியில் இறங்கி வந்த அக்காவுக்கு வேறு கவலை. நான் நைட் ஸ்கூலில் சேர மாட்டேன் என்கிறேன் என்று தினமும் சண்டை. சார் முன்னாடியே சொல்லிவிட்டாள்: “பாறையில தாங்குச்சுன்னா நீ கடையிலயே இரி. காத்து எறங்குச்சுன்னா மறுநா நைட் ஸ்கூல்.”

அத்தான் எடுத்த ட்ரில்

சாதாரண ரிம்மில் கம்பி மாட்டுகிற ஓட்டைகள் நடுவிலேயே இருக்கும், அதன் மேல் டியூப் உட்காரும். இந்த ரிம்மில் நடுவில் ஓட்டையே இல்லை, வழுவழுவென்று மூடியிருந்தது. கம்பெனிக்காரன் மறந்துவிட்டான் என்று அத்தான் இடது கையால் ட்ரில்லை எடுத்துவிட்டார். நான் பிடுங்கி வைத்தேன்.

பாறையைக் கவ்வ வேண்டும் என்பதால் இந்த டயரில் காற்று ரொம்பக் கம்மியாக இருக்கும். டியூப் போட்டால் நசுங்கிக் கிழிந்துவிடும். அதனால் டியூபே இல்லை, ரிம்தான் காற்றைப் பிடித்து வைக்க வேண்டும். ரிம்மின் உள்பக்கம், அச்சைப் பார்த்த மாதிரி, வரப்பு போல ஒன்றை எழுப்பி ஓட்டைகளை அதில் போட்டிருக்கிறான். கம்பி அறுந்தாலும் டயரைக் கழற்ற வேண்டாம். இதை யோசித்தவன் மேல் எனக்கு மரியாதை வந்தது. எந்த வாத்தியார் மேலும் வந்ததில்லை. அத்தான் ட்ரில்லைப் பெட்டியில் போட்டுவிட்டுச் சொன்னார்: “நா ஓட்ட போட்டிருந்தா சோலி முடிஞ்சிருக்கும்ட்டி.”

காற்று பிடிக்கிற பையா

முதலில் கட்டியது ஒரு பக்கமாக இழுத்தது. எரிச்சலோடு அவிழ்த்து மறுபடி கட்டினேன். இந்தத் தடவை சுற்றிவிட்டால் ரிம் துளிகூட ஆடவில்லை. நன்றாகக் கட்டியதை நன்றாகக் கட்டினேன் என்றுதான் சொல்வேன்.

டயரை ரிம்மில் உட்காரவைக்க பஞ்சர் கடைக்கு உருட்டிப் போனேன். அந்தக் கடைக்கார இந்திக்காரரை எல்லாரும் பையா என்றுதான் கூப்பிடுவோம். பையா முழுக்கக் காற்றடித்து, ‘டப்’ என்று டயர் உட்கார்ந்ததும் பெருமையாகப் பார்த்தார். நான் கட்டைவிரல் அமுங்குகிற வரைக்கும் காற்றை இறக்கினேன். அவர் இந்தியில் கேட்டார்: “பஞ்சர்தான் வேணும்னா ஒரு ஆணி போதுமே, மகளே?”

தேவ்நார் பாறை

ஞாயிற்றுக்கிழமை தேவ்நார் பக்கம் போட்டி. அக்காவும் வந்தாள், என்னை நம்பாமல்தான். கடைசிக்கு முந்தின பாறையில் பின் வீல் ‘டங்’ என்று இடித்தது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டயரை மட்டும் பார்த்தேன். வண்டி ஏறிவிட்டது. அடுத்த பாறையில் சார் காலை ஊன்றிவிட்டார், பரிசு போச்சு.

ஓடிப்போய் வீலைத் தூக்கிச் சுற்றினேன். ரிம் ஓரத்தில் கல் கீறிய தழும்பு, அவுட் இல்லை. விரலால் அமுக்கினேன். காற்று அப்படியே இருந்தது. “கால் ஊணினது நான்தான், வீல் ஒண்ணும் பண்ணலை. முன் வீலையும் நீயே கட்டிடும்மா” என்றார் சார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என் கிரீஸ் கையைப் பார்த்தாள்: “கட்டு, கட்டு. இந்தக் கையோட சோத்துப் பானைய தொட்டேன்னா நைட் ஸ்கூல்தான்.”

பத்தாவது பாதியிலேயே அவுட் ஆனவள் என்று சொந்தக்காரர்கள் என்னைச் சொல்கிறார்கள், அவர்கள் வண்டியில் அவுட் எடுக்க என்னிடம்தான் வருகிறார்கள்.