சிரட்டை அளவு

பிள்ளைகளே, உங்கள் அத்தையை, அதாவது என் அக்காளை, ‘இருசி’ என்று திருப்பி அனுப்பியவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

இருசி என்றால் பெரியவளாகவே மாட்டாத பெண். அந்தக் காலத்து வழக்கப்படி அக்காளைச் சிறுவயதிலேயே ஸ்ரீவைகுண்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். வீட்டில் வேலைக்கு ஆளில்லை என்று, பருவமடையும் முன்பே மாமியார் அழைத்துக்கொண்டாள். நெல் குத்தவும் தண்ணீர் சுமக்கவும் விட்டாள். வேளைக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டை பழைய சோறுதான் அளந்து போட்டாள். அக்காள் வயதுப் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு நின்றபோதும் இவள் குச்சியாகவே இருந்தாள். படித்துறையில் நாலு பேர் கேட்க, “இருசிய எங்க தலையில கட்டிட்டானுவ” என்றாள் மாமியார். மறுநாளே வண்டியேற்றிவிட்டார்கள்.

அக்காளின் மூட்டையில் அந்தச் சிரட்டையும் இருந்தது. அம்மா அதை அடுப்பில் போடப் போனாள்.

“கெடக்கட்டும்மா. அதுக்கு வேல இருக்கு” என்று அக்காள் பிடுங்கிக்கொண்டாள்.

பின்னாளில் ஒரு டாக்டரம்மா எனக்கு விளங்கச் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். பெண்ணின் சினைப்பையில் ஹார்மோன் என்னும் ரசாயனங்கள் சுரந்து ரத்தத்தில் கலக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் என்பது உடம்பைப் பெண்ணுடம்பாக வளர்க்கும். புரோஜெஸ்டிரோன் என்பது பிள்ளை தங்கக் கருப்பையைப் பக்குவப்படுத்தும். இரண்டையும் உடம்பு ஒருவகைக் கொழுப்பிலிருந்தே செய்துகொள்கிறது. பட்டினி உடம்புக்கு, இவற்றைச் சுரக்கச் சொல்லி மூளை உத்தரவே கொடுக்காதாம். ஆக, வயிற்றைக் காயப்போட்டவளே, காய்ந்துவிட்டாள் என்று பழியும் போட்டிருக்கிறாள்!

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. உளுந்தங்களியில் நல்லெண்ணெயும் உடன்குடிக் கருப்பட்டியும் தாராளமாகச் சேர்த்துக் கிண்டிப் போட்டாள். அடுத்த ஆனித் திருவிழா முடிந்த கையோடு அக்காள் பெரியவளானாள்.

சேதி போனதும் மாமியாரும் மாப்பிள்ளையும் பட்டுப்புடவையோடு வந்து இறங்கினார்கள்.

“மைனி, மருமவளக் கூட்டிட்டுப் போவ வந்திருக்கோம்” என்று மாமியார் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

எல்லோருக்கும் இலை போட்டோம். அக்காளே பரிமாறினாள். மாமியார் இலையில் மட்டும் ஒரு சிரட்டை பழைய சோற்றைக் கவிழ்த்தாள்.

“ஒங்க வீட்டு அளவுதான் அத்த. கொறையலயே?”

மாப்பிள்ளை துள்ளி எழுந்தான். “ஏட்டி, என்ன திமிரு! வண்டியில ஏறு!”

“ஏறுதேன். ஒங்கம்மா அதத் தின்னு முடிக்கட்டும். எனக்கு மட்டும் தெனமும் எறங்குச்சுல்லா?”

மாமியார் கை சோற்றுக்குப் போகவே இல்லை. வெளியே வந்து நானே அவர்கள் வண்டியில் மாட்டைப் பூட்டினேன். பட்டுப்புடவையை வண்டிக்குள் வீசினேன். அக்காள் வாசலுக்குக்கூட வரவில்லை. உள்ளே உட்கார்ந்து நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.