கண்ணாடியில் நின்ற செருப்பு

சதா சகாய மாதா படம் உலகமெங்கும் அச்சான பழைய ஓவியம். அதில் தாயின் கையிலிருக்கும் குழந்தைக்கு ஒரு கால் செருப்பு கழன்று தொங்கும். அந்தச் செருப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது.

2011. படப்பையில் வீடு கட்டிக் குடியேறிய மூன்றாவது வருடம். அச்சகத்தின் வண்ணப் பிரிவில் முப்பத்தாறு ஆண்டுகள் இருந்தவன் என்பதால், வீட்டிலிருக்கும் சாமி படம் பழையதா, வெறும் காலண்டர் படமா என்று கேட்டு அதுவரை ஒன்பது பேர் வந்திருந்தார்கள். பத்தாவதாக வந்தவள் வடக்குப்பட்டுப் பெண். கார் கம்பெனி கேன்டீனில் வேலை. எங்கள் பங்குக் கோயிலுக்கு வருபவள்.

“ஐயா, மாமியாரோட மாமியார் காலத்து மாதா படம். ஒருத்தர் ஐந்நூறு தரேன்னு சொல்லிகினு கீறாரு. ஏமாத்துறாரான்னு பார்த்துச் சொல்லுங்க. மழைக்குள்ள வூட்டு மேல ஷீட்டு மாத்தியாவணும்.”

படச்சட்டத்தின் கண்ணாடிக்கு மேல் லென்ஸ் வைத்தால் அச்சுப் புள்ளி தெரியாது. தாளின் மேலேயே வைக்க வேண்டும். படத்தை என்னிடம் விட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போனாள். மூன்றரைக்கு வருவாள்.

எட்டு ஆணிகளைப் பிடுங்கிப் பின்பலகையை எடுத்தேன். அந்தக் காலத்தில் தாளைக் கண்ணாடியோடு அழுத்திச் சட்டம் போடுவார்கள். ஈரம் ஏறினால் மை கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் இழுத்தேன். சர்ரென்று ஒரு சத்தம். தாள் கையோடு வந்தது. செருப்பும் பாதமும் கண்ணாடியிலேயே நின்றுவிட்டன.

மணி பதினொன்று இருபது. இன்னும் நான்கு மணி நேரமும் பத்து நிமிடமும்.

‘ஆண்டவரே, இது மட்டமான காலண்டர் படமாக இருக்கட்டும்’ என்று வேண்டிக்கொண்டு லென்ஸை வைத்தேன். காலண்டர் என்றால் புள்ளிகள் வரிசை பிடித்து நிற்கும். நிற்கவில்லை. மணலைத் தூவியது போல ஒழுங்கில்லாத பொடிகள். மாதாவின் கன்னத்தில் மட்டும் ஐந்து வண்ணங்களை எண்ணினேன். வண்ணத்துக்கு ஒரு கல்லாக வரைந்து அடித்த அசல் கல்லச்சு. முழுதாக இருந்தால் இருபதாயிரத்துக்குக் குறையாது.

அடுத்து வந்த எண்ணத்தை எழுதக் கூசுகிறது. காலண்டர் படம்தான் என்று சொல்லிவிட்டால் பிய்ந்ததற்கு மதிப்பே இல்லை. யார் லென்ஸ் வைத்துப் பார்க்கப் போகிறார்கள்? அந்த வாக்கியத்தைப் பதினோரு முறை சொல்லிப் பார்த்தேன். கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

“இன்னா ஐயா, இப்டி வேர்த்துக் கொட்டுது?”

பதினோரு முறையும் வீண். கண்ணாடியைக் காட்டினேன். இருபதாயிரம் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். “எப்பவும் வுழுந்துடும் வுழுந்துடும்னு பார்த்துகினே இருப்பேன். வுழுந்தே பூடுச்சா?” சிரித்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஷீட்டுக்கு நான் தருகிறேன் என்றேன்.

“வேணாம் ஐயா. மாதா படம் பிஞ்சதுக்கு துட்டு வாங்கினாளாம்னு கோயில்ல பேசுவாங்க. எப்டி இருந்துச்சோ அப்டியே மாட்டிக் குடுங்க. அந்த ஆள வராதன்னு சொல்லிடறேன்.”

அதே கண்ணாடியில், செருப்பும் பாதமும் காலோடு பொருந்தும்வரை தாளை நகர்த்தி நகர்த்தி வைத்தேன். எட்டில் ஆறு ஆணிகள்தான் நேராக இறங்கின.

அந்த வருடம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பெய்த நாட்கள் இருபத்துமூன்று. எங்கள் கான்கிரீட் தளத்தில் விழும் மழை உள்ளே கேட்காது. இருபத்துமூன்று நாளும் வடக்குப்பட்டு ஷீட்டில் அது விழுவதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.